மூட்டுவலியைத் தெருவிலேயே தரம் பிரித்தல்

மதுரையிலோ அதைச் சுற்றியுள்ள மேலூர், வாடிப்பட்டி, சோழவந்தான், திருமங்கலம், உசிலம்பட்டி பக்கத்து ஊர்களிலோ ஒரு தெருவைப் பொறுப்பாக எடுத்துக்கொண்டு மூட்டுவலிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைப்பவருக்கானது இந்த அத்தியாயம். நீங்கள் மகளிர் சுய உதவிக் குழுவில் இருக்கலாம், ஓய்வுபெற்ற ஆசிரியராக இருக்கலாம், வார்டு உறுப்பினராக இருக்கலாம். மருத்துவப் படிப்பு வேண்டாம். ஒரு நோட்டு, மூன்று நிறப் பேனா, நூறு வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசும் பொறுமை, ஆறு மாதம் கைவிடாமல் பின்தொடரும் மனம் ஆகியவை போதும்.

மூட்டுவலி என்று சொல்பவர்களில் பெரும்பாலோருக்குத் தேவை தொடைத் தசைக்கான பயிற்சியும் கொஞ்சம் எடைக் குறைப்பும்தான். ஆனால் முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ்) உள்ள சிலருக்கு முதல் சில மாதங்களுக்குள் சரியான மருந்து தொடங்காவிட்டால் விரல் மூட்டு அரிபட்டுப் போகும். அரிபட்ட எலும்பை எந்த மருந்தாலும் பழையபடி ஆக்க முடியாது. இந்த இரு சாராரும் இன்று ஒரே வலி மாத்திரையை ஒரே மெடிக்கல் ஷாப்பில் வாங்குகிறார்கள், ஒரே தைலத்தைத் தேய்க்கிறார்கள். பயிற்சி போதுமானவர் பெரியாஸ்பத்திரி வரிசையில் காத்துக் கிடக்க, அவசரமானவர் வரிசைக்கே வராமல் வீட்டில் முடங்குகிறார். இவர்களைப் பிரித்தறிய ஸ்கேன் தேவையில்லை. வலி எப்போது தொடங்கியது, ஒரு நாளில் எந்த நேரத்தில் கூடுகிறது, காலை விறைப்பு எவ்வளவு நேரம் நிற்கிறது என்று ஒழுங்காகக் கேட்டாலே பெரும்பகுதி பிரிந்துவிடும். மூட்டு நோயைப் பொறுத்தவரை பொதுச் சுகாதாரத்தின் முதல் வேலை இந்தத் தரம் பிரித்தல்தான் என்பதும், அதைத் தெருவிலேயே செய்ய முடியும் என்பதும் இந்த அத்தியாயத்தின் வாதம்.

இந்த யோசனை புதிதல்ல. 1981-இல் உலக சுகாதார நிறுவனமும் வாதநோய்க்கான சர்வதேசக் கூட்டமைப்பும் சேர்ந்து காப்கார்ட் என்ற திட்டத்தைத் தொடங்கின. வசதி குறைந்த ஊர்களில் வீடு வீடாகக் கேள்வித்தாளோடு போய் மூட்டு நோயாளிகளைக் கண்டறிவது அதன் வழி. 1996-இல் மகாராஷ்டிரத்தின் புனே மாவட்டத்தில் உள்ள பிக்வான் கிராமத்தில் மருத்துவர் அரவிந்த் சோப்ராவின் குழு அதே வழியில் வேலையைத் தொடங்கியது. அங்கே முடிந்தது நம் ஊரிலும் முடியும்.

## "உயிருக்கு ஆபத்து இல்லையே, இதற்கு ஏன் இவ்வளவு?"

நீங்கள் முதலில் எதிர்கொள்ளப்போகும் கேள்வி இதுதான். ஊராட்சியில் கேட்பார்கள், சுகாதாரப் பணியாளரேகூடக் கேட்கலாம். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஆளைக் கொல்கின்றன, மூட்டுவலி கொல்வதில்லை என்பது அவர்கள் வாதம். அதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியை நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டும். சர்க்கரை நோயாளியிடம் தினமும் நடக்கச் சொல்கிறோம். முழங்கால் தேய்ந்தவர் எப்படி நடப்பார்? எடை கூடுகிறது, சர்க்கரை கூடுகிறது, வலிக்காக வாங்கிப் போடும் மாத்திரை இரத்த அழுத்தத்தை ஏற்றிச் சிறுநீரகத்தையும் கெடுக்கிறது. முடக்குவாதம் உள்ளவர்களுக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். ஆக, கொல்லும் நோய்களுக்கான திட்டம் மூட்டின் மேல்தான் நிற்கிறது. மூட்டைக் கவனிக்காத திட்டம் பாதியில் நின்றுவிடும்.

அளவும் சிறியதல்ல. இந்தியாவில் மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் 1990-இல் சுமார் 2.34 கோடி; 2019-இல் சுமார் 6.23 கோடி. முடக்குவாதம் எண்ணிக்கையில் மிகக் குறைவு. டெல்லியை ஒட்டிய கிராமங்களில் நடத்தி 1993-இல் வெளியான ஆய்வு, பெரியவர்களில் 0.75 விழுக்காட்டினருக்கு அது இருப்பதாகக் கண்டது. அந்தக் கணக்கில் நூறு வீடுகளில் முந்நூறு பெரியவர்கள் இருந்தால், முடக்குவாதம் உள்ளவர் ஏறக்குறைய இரண்டு பேர். முழங்கால் வலி சொல்லும் பல பேருக்கு நடுவே அந்த இரண்டு பேரைத் தவறவிடாமல் எடுப்பதுதான் உங்கள் கணக்கெடுப்பின் உயிர்நாடி. அவர்கள் பெண்களாக இருக்கவே வாய்ப்பு அதிகம். உலக அளவில் முடக்குவாத நோயாளிகளில் சுமார் 70 விழுக்காட்டினர் பெண்கள்.

மதுரை வட்டாரத்தில் இது கூலியோடு நேரடியாக மோதுகிறது. மல்லிகையை மொட்டாகவே பறிக்க வேண்டும், அதுவும் விடியுமுன். முடக்குவாதத்தில் விரல்கள் மிக மோசமாக விறைத்திருப்பதும் அதே நேரத்தில்தான். சுங்குடிச் சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சுப் போடும் விரல், பூக்கட்டும் விரல், தறியில் ஓடும் விரல் எல்லாம் சிறு மூட்டுகளை நம்பியவை. நாற்று நடவும் களையெடுப்பும் முழங்காலையும் இடுப்பையும் நம்பியவை. "வேகம் குறைஞ்சு போச்சு" என்று பறிப்புக்குக் கூப்பிடாமல் விடப்பட்ட பெண்ணை எந்த மருத்துவமனைப் பதிவேட்டிலும் பார்க்க முடியாது. தெருவில் மட்டுமே பார்க்க முடியும்.

## வீடு ஏறும் முன்

1. எல்லையைச் சிறிதாக வையுங்கள். நூறு வீட்டுக்கு மேல் எடுக்காதீர்கள். ஐந்நூறு வீட்டில் பேர் எழுதி எல்லோரையும் கைவிடுவதைவிட நூறு வீட்டைக் கடைசிவரை பின்தொடர்வது மேல்.

2. கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் முதலில் சொல்லுங்கள். நகரில் இருந்தால் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லுங்கள். 2021 ஆகஸ்ட் 5 முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளோடு வீட்டுக்கே வரும் இயன்முறை சிகிச்சையும் உண்டு. உங்கள் ஊருக்கு இயன்முறை மருத்துவர் எந்தக் கிழமை வருகிறார் என்று கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

3. அனுப்ப வேண்டிய இடத்தை முன்பே விசாரியுங்கள். பெரியாஸ்பத்திரியான அரசு இராசாசி மருத்துவமனையில் பொது மருத்துவப் பிரிவில் காட்டுவதா, எலும்புப் பிரிவிலா, வாதநோய் மருத்துவரிடமா, எந்த நாளில் என்று ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். கை விரல்கள் வீங்கியவர் எலும்பு முறிவு வரிசையில் ஒரு நாள் முழுக்க நின்று திரும்பி வந்தால், இரண்டாம் முறை போகமாட்டார்.

4. நேரம் பார்த்துப் போங்கள். பூ விளையும் ஊர்களில் காலை பதினொரு மணிக்கு மேல்தான் பெண்கள் வீட்டில் இருப்பார்கள். நூறு நாள் வேலை நடக்கும் நாட்களில் மாலையில் போங்கள். சித்திரைத் திருவிழா வாரத்தில் தொடங்காதீர்கள்.

எச்சரிக்கை: நோட்டில் உள்ளதைத் தெருவில் வாய்விட்டுப் படிக்காதீர்கள். கல்யாணமாகாத பெண்ணுக்கு முடக்குவாதச் சந்தேகம் என்பது வெளியே கசிந்தால், அடுத்த வீட்டுக் கதவு உங்களுக்குத் திறக்காது. எழுதலாமா என்று கேட்டுவிட்டே எழுதுங்கள்.

## ஆறு கேள்விகள்

இந்த வரிசையிலேயே கேளுங்கள். "வலி இருக்கா?" என்று மட்டும் கேட்டால் எல்லோரும் "இருக்கு" என்பார்கள், அது எதையும் பிரிக்காது.

1. எந்த மூட்டு? கையால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். நோட்டில் ஆள் உருவம் வரைந்து புள்ளி வையுங்கள். முழங்கால் மட்டுமா, இரண்டு கைகளின் விரல்கணுக்களுமா என்பது பெரிய வித்தியாசம்.

2. எப்போதிருந்து? "போன பொங்கலுக்கு இருந்துச்சா? ஆடி பதினெட்டுக்கு?" என்று பண்டிகையை வைத்துக் கேட்டால் மாதக் கணக்கு சரியாகக் கிடைக்கும். ஆறு வாரத்தைத் தாண்டிய வீக்கம் தனியாகக் குறிக்க வேண்டியது.

3. காலையில் எவ்வளவு நேரம் விறைப்பு? மிக முக்கியமான கேள்வி. நிமிடக் கணக்கில் கேட்காதீர்கள். "எந்திரிச்சதும் விரல் மடங்குதாம்மா? காபி போட்டு முடிக்கிறதுக்குள்ள சரியாயிருதா, இல்ல சோறு வடிக்கிற வரைக்கும் இருக்கா?" என்று கேளுங்கள். தேய்மானத்தில் விறைப்பு பெரும்பாலும் அரை மணிக்குள் இளகும். முடக்குவாதத்தில் அதைத் தாண்டும், பலருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்கும்.

4. வேலை செய்தால் கூடுகிறதா, குறைகிறதா? நடந்தால் கூடி உட்கார்ந்தால் குறைவது தேய்மானத்தின் பக்கம். ஓய்வில் கூடி அசைந்தால் இளகுவது அழற்சியின் பக்கம். நாற்பது வயதுக்குட்பட்ட ஒருவருக்கு மூன்று மாதத்துக்கு மேல் முதுகு விறைப்பு, விடியற்காலையில் தூக்கத்தைக் கெடுத்து நடந்தால் குறைகிறது என்றால், அதை "தூக்குன வேலைதான்" என்று விட்டுவிடாதீர்கள்.

5. வலிக்கு முன் காய்ச்சல் வந்ததா? 2006-இல் முப்பதாண்டு இடைவெளிக்குப் பின் சிக்குன்குனியா இந்தியாவுக்குத் திரும்பியது; அந்த ஆண்டு சுமார் 13.9 லட்சம் பேருக்கு அந்தச் சந்தேகம் பதிவானது. தமிழ்நாடும் தப்பவில்லை. காய்ச்சல் போன பிறகும் மூட்டுவலி மாதக்கணக்கில் நிற்பது அதன் இயல்பு, பார்ப்பதற்கு முடக்குவாதம் போலவே இருக்கும். பெரும்பாலோருக்குத் தானாகக் குறையும். ஆறு வாரத்தைத் தாண்டியும் வீக்கம் நின்றால் மருத்துவர் பார்க்க வேண்டும்.

6. என்ன மருந்து போடுகிறார்? சொல்லச் சொல்லாதீர்கள், அட்டை, பொட்டலம், பாட்டில் எல்லாவற்றையும் எடுத்துவந்து காட்டச் சொல்லுங்கள்.

கேட்டு முடித்ததும் மூன்று சிறு சோதனைகளைச் செய்யுங்கள். முதலாவது, அவர் இரண்டு கையையும் முழுதாக முஷ்டியாக மடக்குவது. இரண்டாவது, உள்ளங்கைக்கு மேல் வரிசையாக இருக்கும் விரல்கணுக்களை நீங்கள் பக்கவாட்டில் மெதுவாக, கை குலுக்கும் அழுத்தத்தில் பிடிப்பது. அதற்கே முகம் சுளித்தால் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, அவர் கையை ஊன்றாமல் திண்ணையிலிருந்து எழுவது.

வழக்கமாக நடக்கும் தவறு: பதினொரு மணிக்குப் போய், சாதாரணமாகப் பாத்திரம் துலக்கும் பெண்ணைப் பார்த்துவிட்டு, "இவருக்கு ஒன்றும் இல்லை" என்று எழுதுவது. முடக்குவாதம் நண்பகலில் ஒளிந்துகொள்ளும். கண்ணில் பட்டதைவிட அவர் காலையைப் பற்றிச் சொன்னதை நம்புங்கள்.

## மூன்று நிறம்

சிவப்பு: இன்றே. ஒரே ஒரு மூட்டு திடீரென்று வீங்கிச் சூடாகிக் காய்ச்சலும் இருந்தால், மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம். சில நாட்களிலேயே மூட்டே அழிந்துவிடும். விழுந்த பிறகு காலை ஊன்ற முடியாதவர், முதுகுவலியோடு சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இழந்தவர் அல்லது கால் மரத்துப்போனவர், வலி மாத்திரை போடும்போது மலம் தார் போலக் கறுத்தவர், முடக்குவாத மருந்தில் இருக்கும்போது கடுங்காய்ச்சலோ மூச்சுத்திணறலோ வந்தவர் ஆகியோரும் இதில் சேர்வார்கள். 108-ஐ அழையுங்கள். நாளைக் காலை என்று தள்ளிப் போடாதீர்கள்.

மஞ்சள்: இரண்டு வாரத்துக்குள். காலை விறைப்பு அரை மணியைத் தாண்டுபவர், கை அல்லது கால் சிறு மூட்டுகள் இரண்டு பக்கமும் வீங்கியவர், விரல்கணுவைப் பிடித்தால் துடிப்பவர், ஆறு வாரத்துக்கு மேல் வீக்கம் நிற்பவர். ஐரோப்பிய வாதநோய் மருத்துவர்களின் கூட்டமைப்பான யூலார், அறிகுறி தொடங்கி ஆறு வாரத்துக்குள் நிபுணர் பார்க்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் மருந்து தொடங்க வேண்டும் என்கிறது. கால் பெருவிரல் அடியில் இரவில் திடீரென்று நெருப்பு வைத்தாற்போல் வலி வந்து போன ஆண்களும் (கவுட் என்ற மூட்டு நோயாக இருக்கலாம்), தோலில் செதில் நோயோடு மூட்டு வீங்கியவர்களும் மஞ்சளே.

குழந்தைகளை எப்போதும் மஞ்சளுக்குக் கீழே இறக்காதீர்கள். காலையில் நொண்டி மதியம் ஓடும் குழந்தை நடிக்கவில்லை. தொண்டைவலி வந்து போன சில வாரத்தில், ஐந்திலிருந்து பதினைந்து வயதுக் குழந்தைக்குக் காய்ச்சலோடு ஒரு மூட்டு மாற்றி ஒரு மூட்டு வலித்தால் அது வாதக் காய்ச்சலாக இருக்கலாம். மூட்டு ஆறிவிடும், இதய வால்வு ஆறாது. அந்தக் குழந்தையை அந்த வாரமே அனுப்புங்கள். மூச்சு வாங்கினால் அது சிவப்பு.

பச்சை: வீட்டிலேயே. நாற்பத்தைந்து வயதைத் தாண்டி, முழங்கால் நடந்தால் வலித்து, காலை விறைப்பு சீக்கிரம் இளகி, சூடோ காய்ச்சலோ இல்லாதவர்கள். உங்கள் நோட்டில் பெரும் பகுதி இவர்களாகத்தான் இருப்பார்கள்.

இங்கே நியாயமான ஓர் எதிர்ப்பு எழும். மருத்துவம் படிக்காதவர்கள் நோயைத் தீர்மானிப்பது ஆபத்து இல்லையா? ஆபத்துதான். அதனால்தான் இந்த நிறங்கள் நோயின் பெயரைச் சொல்லவில்லை; எவ்வளவு சீக்கிரம் யார் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கின்றன. "உங்களுக்கு முடக்குவாதம்" என்று நீங்கள் ஒருபோதும் சொல்லக் கூடாது. இரண்டு நிறத்துக்கு நடுவே சந்தேகம் வந்தால் மேல் நிறத்தில் வையுங்கள். மேலே அனுப்பித் தவறாகிப்போனால் ஒருவருக்கு ஒரு நாள் கூலி போகும். கீழே வைத்துத் தவறாகிப்போனால் ஒரு கை போகும்.

"அப்படியானால் எல்லோருக்கும் இரத்தப் பரிசோதனை எடுத்துவிடலாமே" என்ற யோசனையும் வரும். வேண்டாம். முடக்குவாதத்துக்கான ஆர்.ஏ. பரிசோதனை நோயில்லாத பலருக்கும், முக்கியமாக வயதானவர்களுக்கு, பாசிட்டிவ் காட்டும். நோய் உள்ள சிலருக்கு நெகட்டிவ் காட்டும். யூரிக் அமிலம் கூடியிருந்தாலே கவுட் என்று ஆகிவிடாது. கவுட் வலி உச்சத்தில் இருக்கும்போது அதே அளவு சாதாரணமாகவும் இருக்கலாம். கேள்விகளுக்குப் பிறகு, மருத்துவர் சொன்னால் எடுக்கும்போதுதான் பரிசோதனைக்கு அர்த்தம் உண்டு.

## பச்சை நோட்டுக்காரர்களுக்குப் பயிற்சி

"தேஞ்ச மூட்டை அசைச்சா இன்னும் தேயாதா?" என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்பார்கள். தேயாது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015-இல் வெளியிட்ட தொகுப்பு முழங்கால் தேய்மானத்துக்கான 54 பயிற்சி ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. வலி குறைந்தது, அசைவு கூடியது, அந்தப் பலன் வலி மாத்திரைகளில் கிடைப்பதற்கு ஏறக்குறைய இணையாக இருந்தது. அது அதிசயம் இல்லை, நடுத்தரப் பலன்தான். ஆனால் சிறுநீரகத்தைக் கெடுக்காத நடுத்தரப் பலன். எடையும் சேர்ந்து குறைந்தால் இன்னும் நல்லது. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடி வைக்கும்போதும் முழங்கால் மேல் விழும் சுமை சுமார் நான்கு கிலோ குறைகிறது.

1. தொடை அழுத்தல். காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வையுங்கள். துண்டைக் கீழே அழுத்தி ஐந்து எண்ணி விடுங்கள். காலுக்குப் பத்து முறை.

2. நேர்க்கால் தூக்கல். மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கி வைத்து, மறு காலை நேராக ஓர் அடி உயரம் தூக்கி ஐந்து எண்ணுங்கள். மூச்சை அடக்கக் கூடாது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் சத்தமாக எண்ணினால் மூச்சு அடங்காது.

3. திண்ணையில் எழுந்து உட்கார்தல். கை ஊன்றாமல் ஐந்து முறையில் தொடங்கிப் பத்துக்குப் போங்கள். முடியாதவர் கையை ஊன்றித் தொடங்கலாம். திண்ணை இல்லாத வீட்டில் நாற்காலியைச் சுவரில் சாய்த்து வையுங்கள். கால் விரிசல் விட்ட பிளாஸ்டிக் நாற்காலி வேண்டவே வேண்டாம்.

4. சமதள நடை. பத்து நிமிடத்தில் தொடங்கி வாரா வாரம் சில நிமிடம் கூட்டுங்கள். வரப்பில் வேண்டாம், தார்ச்சாலையில் போங்கள். சித்திரை, வைகாசியில் வெயில் ஏறும் முன்னால் முடியுங்கள்.

முதல் மூன்றையும் வாரத்தில் மூன்று நாளுக்குக் குறையாமல் செய்ய வேண்டும். பயிற்சியில் லேசாக வலிப்பது பரவாயில்லை. மறுநாள் வரை வலி கூடியே இருந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், நிறுத்திவிடாதீர்கள். எட்டு வாரத்துக்கு முன் "பலனில்லை" என்ற முடிவுக்கு வரக் கூடாது. சுய உதவிக் குழுக் கூட்டம் நடக்கும் நாளில் எல்லோரும் சேர்ந்து செய்தால் தொடரும். தனியாக விட்டால் இரண்டாம் வாரத்தில் நின்றுபோகும்.

வேலையில் மாற்றம்: தரையில் குந்தி நெடுநேரம் வேலை செய்வது முழங்காலுக்குக் கேடு. அரிவாள்மனையை மேடைக்கு ஏற்றுங்கள் அல்லது கத்திக்கு மாறுங்கள். சுங்குடி முடிச்சுப் போடுபவர் சம்மணத்தை விட்டுத் தாழ்வான ஸ்டூலில் உட்காரட்டும், அரை மணிக்கு ஒருமுறை எழட்டும். குந்து கழிப்பறையின் மேல் வைக்கும் நாற்காலி கிடைக்கிறது. பக்கத்துச் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி பதிப்பது அதைவிட மலிவு.

ஒத்தடம் பற்றி: உப்பு, மணல், வெந்நீர்ப் பை எதுவானாலும் தேய்மான வலிக்கு இதமாகவே இருக்கும். சர்க்கரையால் கால் மரத்தவர் தானாகச் சூடு பார்க்கக் கூடாது; இன்னொருவர் முழங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுக் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே சூடாக வீங்கிய மூட்டுக்கு ஒத்தடமும் உருவிவிடுதலும் கூடவே கூடாது.

## மாத்திரை அட்டையைப் பார்க்கும்போது

இந்த வேலையில் உயிரைக் காப்பாற்றக்கூடிய பகுதி இதுதான், நிதானமாகச் செய்யுங்கள். டைக்ளோபெனாக், அசிக்ளோபெனாக், இபுபுரூபன் எல்லாம் ஒரே குடும்பம். இரண்டைச் சேர்த்துப் போட்டால் வலி இரட்டிப்பாகக் குறையாது, குடல்புண் மட்டும் கூடும். சிறுநீரகக் கோளாறு, இதய நோய், குடல்புண் உள்ளவர் இவற்றை மருத்துவர் சொல்லாமல் போடவே கூடாது. காய்ச்சலோடு மூட்டுவலி வந்தால் டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை பாராசிட்டமால் மட்டும். மற்ற வலி மாத்திரைகள் இரத்தக்கசிவைக் கூட்டும்.

அட்டையோ பெயரோ இல்லாத பொடிப் பொட்டலம், "மூன்று நாளில் எழுந்து நடப்பீர்கள்" என்று கொடுத்த உருண்டை இவற்றைப் பார்த்தால் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்று சந்தேகியுங்கள். முகம் உப்புவது, பசி கூடுவது, சர்க்கரை ஏறுவது அடையாளம். இங்கே ஆர்வமுள்ள தன்னார்வலர் செய்யும் பெரிய தவறு, உடனே தூக்கி எறியச் சொல்வது. மாதக்கணக்கில் தின்ற ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தினால் மயங்கி விழலாம், உயிரே போகலாம். பொட்டலத்தோடு மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அவர்தான் படிப்படியாகக் குறைப்பார். சித்த மருத்துவத்தையே குறை சொல்வதாக இதை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அரசு மருத்துவமனைச் சித்தப் பிரிவில் பெயரோடு கிடைக்கும் மருந்தைப் பற்றியதல்ல இது. முடக்கத்தான் தோசையும் பிரண்டைத் துவையலும் ஆட்டுக்கால் சூப்பும் தாராளமாகச் சாப்பிடலாம். அவற்றைச் சாப்பிடுவதற்காக மஞ்சள் நோட்டுக்காரர் மூன்று மாதத்தைக் கடத்துவதுதான் தவறு.

மருத்துவமனை முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் கொடுத்திருந்தால் அதை வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் போட வேண்டும். தினமும் போட்டு இறந்தவர்கள் உலகெங்கும் உண்டு. வீட்டில் உள்ள தினசரி நாட்காட்டியில் அந்தக் கிழமைத் தாள்களை எல்லாம் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டுக் கொடுங்கள். மற்ற நாட்களில் போடும் போலிக் அமில மாத்திரையை வேறு டப்பாவில் வைக்கச் சொல்லுங்கள். கர்ப்பிணியும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவரும் மெத்தோட்ரெக்சேட்டைப் போடக் கூடாது; மருத்துவரிடம் முன்பே சொல்ல வேண்டும். இந்த மருந்தோடு குடிப்பழக்கமும் சேர்ந்தால் கல்லீரல் கெடும். இரத்தப் பரிசோதனைத் தேதியைத் தவறவிடக் கூடாது. வலி குறைந்ததும் "சூட்டு மருந்து, போதும்" என்று நிறுத்திவிடுவது வழக்கமான தவறு. வலி குறைந்ததற்குக் காரணமே அந்த மருந்துதான் என்பதைப் பொறுமையாக விளக்குங்கள். அது வேலை செய்யத் தொடங்கவே ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும் என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

## பின்தொடரும் அட்டவணை

1. இரண்டாம் வாரம்: மஞ்சளில் இருக்கும் ஒவ்வொருவரும் மருத்துவரைப் பார்த்துவிட்டாரா? பார்க்கவில்லை என்றால் ஏன் என்று எழுதுங்கள். பெரும்பாலும் துணைக்கு ஆள் இல்லாததும் ஒரு நாள் கூலியும்தான் காரணமாக இருக்கும். இரண்டு பேரைச் சேர்த்து ஒரே நாளில் கூட்டிப்போனால் முதல் தடை நீங்கும்.

2. ஆறாம் வாரம்: பச்சையில் இருப்பவர்களிடம் மூன்றாம் கேள்வியை மறுபடி கேளுங்கள். காலை விறைப்பு நீண்டிருந்தால் மஞ்சளுக்கு மாற்றுங்கள்.

3. மூன்றாம் மாதம்: திண்ணையிலிருந்து எழுவதை மறுபடி எண்ணுங்கள். முடக்குவாத மருந்து தொடங்கியவர் தொடர்கிறாரா என்று அட்டையைப் பாருங்கள்.

4. ஆறாம் மாதம்: பயிற்சிக்கும் மருந்துக்கும் மசியாமல் இரவிலும் வலிக்கும் தேய்ந்த முழங்காலுக்கு மாற்று அறுவை சிகிச்சை பற்றிப் பேசும் நேரம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கும். அட்டை இல்லாதவருக்கு இப்போதே எடுக்க உதவுங்கள், அறுவை சிகிச்சைத் தேதி கிடைத்த பிறகு ஓடாதீர்கள்.

ஆறாம் மாதக் கணக்கைப் பெயர்கள் இல்லாமல் எண்களாக மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள்: எத்தனை பெரியவர்கள், ஒவ்வொரு நிறத்திலும் எத்தனை பேர், மஞ்சளில் எத்தனை பேர் மூன்று மாதத்துக்குள் மருந்து தொடங்கினார்கள், பூப்பறிப்புக்கோ நடவுக்கோ திரும்பியவர் எத்தனை. ஒரு பிரதி செவிலியருக்கு, ஒரு பிரதி வட்டார மருத்துவ அலுவலருக்கு, ஒரு பிரதி ஊராட்சித் தலைவருக்கு. அடுத்து வரும் கிராம சபையில், அது மே 1 ஆனாலும் ஆகஸ்ட் 15 ஆனாலும் அக்டோபர் 2 ஆனாலும், இரண்டே கோரிக்கைகளை வையுங்கள்: பொதுக் கழிப்பறையில் கைப்பிடிக் கம்பி, இயன்முறை மருத்துவர் மாதந்தோறும் குறிப்பிட்ட ஒரு நாளில் ஊருக்கு வருவது. முதலாவதை ஊராட்சியே செய்துவிடலாம். இரண்டாவதைத் தீர்மானமாக நிறைவேற்றி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பச் சொல்லி, தீர்மான நகலை உங்கள் நோட்டிலும் ஒட்டிவையுங்கள்.